சகாயராஜ் முன்னால் சொல்ல வேண்டிய கதை

உமாபதிக்கு மறுநாள் இன்னொரு நேர்காணல். பிஸ்கட் ஆலையை இழுத்து மூடிய பிறகு மூன்று கம்பெனிப் படி ஏறி இறங்கியாயிற்று, மூன்றிலும் வெறுங்கைதான். வீட்டில் இப்போதெல்லாம் யாரும் "என்ன ஆச்சு?" என்றுகூடக் கேட்பதில்லை. மனுஷனை அரித்தது அதுதான்.

ஆசிரமத்துச் சமையற்கட்டில் சாமி பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். உமாபதியைவிட வயதில் இளையவர். ஆனாலும் மனசு கலங்கினால் உமாபதி வந்து உட்காருவது அவர் எதிரில்தான்.

"வேலையைப் பத்திக் கேட்டா சொல்லிடுவேன் சாமி. 'கூட வேலை செஞ்சவரோட மோதல் வந்தப்ப என்ன பண்ணீங்க, ஒரு சம்பவம் சொல்லுங்க'ங்கறாங்க. அங்கதான் கவுந்துடறேன்."

"என்ன சொல்றீங்க ஐயா?"

உமாபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைகீழ்ப் பாடமாயிற்றே! அடுப்பு மெஷினில் ஏதோ சத்தம். கூட இருந்தவன், உற்பத்தி குறையும், ஓட்டு என்றான். இவர் பொறுமையாக எடுத்துச் சொல்லி மெஷினை நிறுத்தினார். பெரிய விபத்து தப்பியது.

"நல்லா இருக்கு. அந்த ஆள் இப்ப எங்க?"

உமாபதி தயங்கித் தயங்கி வாசலைப் பார்த்தார். அங்கே பைக்கில் சாய்ந்தபடி சகாயராஜ் நின்றுகொண்டிருந்தான். ஒவ்வொரு நேர்காணலுக்கும் இவரை ஏற்றிக்கொண்டு போனது அவன்தான்.

"அதோ, அவன்தான் சாமி."

"அட, வெயில்ல நிக்கறாரே! கூப்பிடுங்க."

சகாயராஜ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இப்ப இவர் முன்னால சொல்லுங்க ஐயா."

"மெஷின்ல சத்தம் வந்துச்சு..."

சகாயராஜ் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். உமாபதியை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நிறுத்தச் சொன்னது இவன்தான் சாமி. கரடியா கத்தினான். நான் கேக்கலை. பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நின்னேன். எல்லார் முன்னாலயும் இவனைக் கேவலமாத் திட்டினேன். இவனே போய் சுவிட்சை அணைச்சான். திறந்து பாத்தா, பெல்ட் அறுந்துபோற நிலைமையில இருக்கு. பக்கத்துலயே பொம்பளைங்க வேலை பாத்துக்கிட்டிருந்தாங்க."

சகாயராஜ் அவர் தோளைத் தொட்டான்.

"ஏம்ப்பா, அதோட நிறுத்திட்டே? மறுநாள் அதே ஆளுங்களைக் கூட்டிவெச்சு எங்கிட்ட மன்னிப்புக் கேட்டியே. அதுக்கப்புறம் நான் சத்தம்னு சொன்னா, மறுபேச்சில்லாம நிறுத்துவியே. அதையும் சொல்லு."

உமாபதிக்குக் கண் கலங்கிவிட்டது. வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டார்.

"இதைப் போய்ச் சொன்னா வேலை குடுப்பாங்களா சாமி?"

"தெரியாது ஐயா," என்றார் சாமி. "ஆனா, மொதல்ல சொன்ன கதையில பொறுமையா மெஷினை நிறுத்தினாரே ஒருத்தர், அவருக்கு வேலை கிடைச்சுட்டா, திங்கக்கிழமை காலையில வேலைக்கு யாரை அனுப்புவீங்க?"