இமை கொட்டாத டிரைவர்

புதுக்கோட்டை மார்க்கெட்டை ஒட்டிய வேன் ஸ்டாண்டில் மூன்று வண்டிகள் நிற்கும். இரண்டு டீசலில் ஓடும். மூன்றாவது சொக்கலிங்கத்தின் வாயில் ஓடும். அந்த வாய்க்குப் பிரேக் வைக்க எந்த மெக்கானிக்காலும் முடியவில்லை.

இன்னொரு வண்டியின் டிரைவர் அடைக்கலத்துக்கு அவனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். சும்மா இல்லை, காரணம் இருந்தது. அந்த ஸ்டாண்டில் ஒரு நடைமுறை உண்டு. கல்யாணம், காதுகுத்து, ஒருநாள் கோயில் சவாரி என்றால் யார் முறையோ அவர் போக வேண்டும். பல நாள் சவாரி என்றால் முறை கிடையாது. வண்டி கேட்டு வரும் பார்ட்டி எல்லாரிடமும் பேசிப் பார்த்துத் தனக்குப் பிடித்த டிரைவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். பேசிப் பார்த்து என்று வந்துவிட்டால் சொக்கலிங்கத்தை யார் ஜெயிப்பது? இரண்டு வருஷமாக நீண்ட சவாரி அத்தனையும் அவன் வாய்க்குத்தான் போயிற்று. பதினெட்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்த அடைக்கலம், காதுகுத்துக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு நார்த்தாமலைக்கும் விராலிமலைக்கும் போய் வந்துகொண்டிருந்தான். பெயரில்தான் மலை. அவன் கைக்குக் கொண்டை ஊசி வளைவு மறந்தே போய்விடும்போல் இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு திங்கட்கிழமை காலையில் மங்கையர்க்கரசி அம்மாள் குடையோடு ஸ்டாண்டுக்கு வந்து இறங்கினார். போஸ்ட் மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவரோடு வேலை பார்த்து ரிட்டையர் ஆன ஐந்து பெண்கள், அவரையும் சேர்த்து ஆறு பேர், ஒரு வாரம் ஊர் சுற்றப் போகிறார்களாம். கடலோரமாகவே தொண்டி, ராமேஸ்வரம், தனுஷ்கோடி, திருச்செந்தூர், கன்னியாகுமரி. அங்கிருந்து மலைப்பக்கம் திரும்பி மேகமலை, கொடைக்கானல், கடைசியில் கொல்லிமலை. புருஷன், பிள்ளை, பேரன் யாரும் கூட வரக்கூடாது என்று முடிவாம்.

அடைக்கலம் முன்னால் வந்து நின்றான். இது போனால் இனி இந்த வருஷம் இப்படி ஒன்று வராது. மூத்த டிரைவர் ஜபருல்லா, தனக்கு மலை ஏறினால் தலை சுற்றும் என்று முதலிலேயே ஒதுங்கிக்கொண்டு, வேடிக்கை பார்க்க வசதியாக டீக்கடை ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். அம்மாளுக்கும் ஒரு நாற்காலி வந்தது. இந்த ரோடெல்லாம் யாருக்கு நல்ல பழக்கம் என்று அவர் கேட்டார்.

கேட்டிருக்கக் கூடாது.

"கேக்குறீங்களேம்மா, அந்த ரோட்டுக்கே என்னையத்தான் பழக்கம்" என்று தொடங்கினான் சொக்கலிங்கம்.

தொண்டி ரோட்டில் தன் வண்டி போனால் குலுங்கவே குலுங்காது என்றான். போன மாசம் ஒரு பார்ட்டி, புதுக்கோட்டையில் வாங்கிய டீயை விளிம்பு வரைக்கும் நிறைத்து டேஷ்போர்டில் வைத்ததாம். ராமேஸ்வரம் போய் இறங்குகிறவரை ஒரு சொட்டு சிந்தவில்லை. டீயின்மேல் படிந்த ஆடைகூடச் சுருங்கவில்லை.

நாலு மணி நேரமா அந்த டீயை எவனும் குடிக்கவில்லையா என்று அடைக்கலம் கேட்டான். அதில்தான் அவன் தப்புப் பண்ணினான். சொக்கலிங்கத்தைச் சந்தேகப்படுவதும் அவன் வண்டிக்கு டீசல் ஊற்றுவதும் ஒன்று.

"குடிச்சாங்க, ராமேஸ்வரத்துல. சூடா இருந்துச்சுன்னு ஊதி ஊதிக் குடிச்சாங்க. அம்புட்டு வேகம், டீக்கு ஆறுறதுக்கே நேரம் குடுக்கல."

ஜபருல்லா தன் கையிலிருந்த கிளாஸை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அடைக்கலம் அம்மாளின் முகத்தைப் பார்த்தான். முப்பத்தைந்து வருஷம் தபால் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த முகம் அது. நம்புகிறதா, சிரிக்கிறதா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்தது தனுஷ்கோடி. ரோடு அரிச்சல்முனையோடு முடிகிறது, அதற்கப்புறம் கடல். உலகத்தில் உள்ள மற்ற டிரைவர்கள் எல்லாரும் அங்கே வண்டியைத் திருப்புவார்கள். சொக்கலிங்கம் திருப்பவில்லை. அன்றைக்குக் கடல் வற்றி மணல் திட்டெல்லாம் தெரிந்ததாம், ஒரு திட்டிலிருந்து இன்னொரு திட்டுக்கு வண்டியைத் தாவவிட்டானாம். டயர் நனைந்தது அடியில் இரண்டு விரல்கடைதான். இலங்கை டவர் கிடைத்து, எங்கள் நாட்டுக்கு வருக என்று போனில் மெசேஜ் வந்த பிறகுதான் நிறுத்தினானாம்.

ஏன் நிறுத்தினாய், அப்படியே போய் இறங்க வேண்டியதுதானே என்றான் அடைக்கலம், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பார்ட்டி பாஸ்போர்ட் எடுத்துட்டு வரல. நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் மாப்ளே. ரிவர்ஸ் எடுத்துட்டேன்."

வந்த வழியே ரிவர்ஸில் வந்து பானெட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே பதினோரு நகரை மீன் கிடந்ததாம். எஞ்சின் சூட்டில் பதமாக வறுபட்டிருந்ததாம். உப்பு மட்டும் ஒரு கல் கூடுதல் என்று அவன் வருத்தப்பட்டான். பதினோரு மீனை எண்ணியவனுக்கு, பார்ட்டியில் எத்தனை பேர் என்று கேட்டால் மட்டும் நினைவுக்கு வரவில்லை.

கடல் முடிந்து மலைக்கு வந்தான். கொல்லிமலையில் எழுபது வளைவு. எழுபதையும் ஒற்றைக் கையால் ஒடித்ததாகவும், மற்றக் கையால் பார்ட்டிக்கு வழியெல்லாம் பலாச்சுளை எடுத்துக் கொடுத்ததாகவும் சொன்னான். ஐம்பத்திரண்டாவது வளைவில் முன்னால் ஒரு வெள்ளை வேன் ஆமைபோல் ஊர்ந்துகொண்டிருந்தது. ஹாரன் அடித்தான், அது விலகவில்லை. மறுபடி அடித்தான், அதுவும் பதிலுக்கு அடித்தது. யாரடா இவன் என்று நம்பர் பிளேட்டைப் பார்த்தால் அவனுடைய வண்டியேதான். வளைவு அவ்வளவு நெருக்கம். வண்டியின் முகப்பு அதன் முதுகையே பிடித்துவிட்டது.

"சரி, வழி விட்டானா?" என்று ஜபருல்லா மெதுவாகக் கேட்டார்.

"விட்டான் பாய். கை காமிச்சு அனுப்புனான். தங்கமான டிரைவர்."

டீக்கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். அடைக்கலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமே இல்லாமல் ஒருவன் இப்படி அவிழ்த்துவிடுவதும், அதற்கு நாலு பேர் காது கொடுப்பதும், கடைசியில் வண்டிச் சாவி அவன் கையில் சுழல்வதும் அவனுக்குப் பழகிப்போன காட்சி. தானும் ஒன்று எடுத்துவிட்டால் என்ன என்றுகூட நினைத்தான். மேகமலையில் யானையை வழிமறித்து ஓரமாக நிற்கச் சொன்னதாக ஒன்றை மனதுக்குள் கட்டிப் பார்த்தான். இரண்டாவது வரியிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்த யானை அவனையே கேவலமாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

அதற்குள் சொக்கலிங்கம் கொடைக்கானல் பனியில் நின்றுகொண்டிருந்தான். கண்ணாடியை இறக்கியதில் பனிமூட்டம் வண்டிக்குள் புகுந்து, பின்சீட்டில் இருந்தவர்கள் யார் என்றே தெரியாமல் போய்விட்டதாம். சட்டென்று கண்ணாடியை ஏற்றி அதை அப்படியே அடைத்துக்கொண்டு கீழே இறங்கினான். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில், கொதிக்கிற வெயிலில், கதவைத் திறந்துவிட்டான். பத்து நிமிஷம் மழை. ஜனங்கள் குடத்தோடு ஓடிவந்தார்களாம். அடுத்த வாரமும் வரச்சொல்லி அவனுக்கு மாலை போட்டார்களாம்.

"வத்தலக்குண்டுல உங்களுக்கு நல்ல பேருன்னு சொல்லுங்க" என்றார் அம்மாள். அவ்வளவுதான், குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சொக்கலிங்கம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு காலரைச் சரிசெய்தான். போச்சு, சவாரி போச்சு என்று அடைக்கலம் தரையைப் பார்த்தான்.

பிறகு அம்மாள் ஒரு கேள்வி கேட்டார். அவர்கள் ஆறு பேரும் முக்கியமாகப் போவதே கன்னியாகுமரியில் சூரியன் கடலிலிருந்து எழும்புவதைப் பார்க்கத்தான். எங்கே நின்றால் நன்றாகத் தெரியும், அது எப்படி இருக்கும் என்று இருவரும் சொல்ல வேண்டும் என்றார்.

சொக்கலிங்கம் எழுந்தே நின்றுவிட்டான். போன சவாரியில் பார்ட்டி அசந்து தூங்கிவிட்டதாம். அவர்கள் பல் தேய்க்காமல் நிற்கும்போதே சூரியன் ஒரு முழம் மேலே வந்துவிட்டது. குழந்தைகள் அழுதன. அவன் என்ன செய்வான்? வண்டியைக் கடலைப் பார்த்துத் திருப்பினான்.

"ஹெட்லைட்ட ஹை பீம்ல போட்டு ரெண்டு தடவை டிம் அடிச்சேம்மா. மலை ரோட்ல எதிர்ல வர்றவனுக்கு அடிப்போம்ல, அந்த மாதிரி. சூரியனும் வண்டி ஓட்டுறவன்தானே, புரிஞ்சுக்கிட்டான். அப்படியே பின்னாடி போய்த் தண்ணிக்குள்ள ஓரமா நின்னான். இவுங்க பல்லு வெளக்கி, காபி குடிச்சு, வந்து நின்னப்புறம் வான்னு கை காமிச்சேன்."

ஜபருல்லாகூடக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"விடியுறதுக்கு முன்னாடியே முழிச்சிருந்தீங்களா?" என்றார் அம்மாள். "அப்ப எப்பதான் தூங்குவீங்க?"

"தூக்கமா? ஏழு நாளும் இமை கொட்டுறதில்லம்மா. கொட்டுனா அந்த நேரத்துக்குள்ள ரெண்டு கிலோமீட்டர் போயிரும்ல."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பார்ட்டி இறங்கி அருவியையும் அலையையும் பார்க்கப் போனதும், டிரைவர் சீட்டைச் சாய்த்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவான். எல்லா ஊரிலும் எல்லா டிரைவரும் செய்வதுதான். ஆனால் தூங்கினேன் என்று பார்ட்டியிடம் ஒருத்தனும் சொல்லமாட்டான். கேட்டால், சும்மா கண்ணை மூடிக் கிடந்தேன் என்பான். தூங்கினேன் என்று சொல்வது தொழிலுக்குக் கேவலம் என்று அந்த ஸ்டாண்டில் ஒரு நினைப்பு.

அம்மாள் அடைக்கலத்தின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க தம்பி. சூரியன் எப்படி இருக்கும்?"

அடைக்கலம் பழைய நாட்களில் கன்னியாகுமரிக்கு முப்பது தடவையாவது போயிருப்பான். கோபமும் வெறுப்புமாக வாய் கசந்து கிடந்தது. சவாரி எப்படியும் போய்விட்டது, இனி மானத்தைக் காப்பாற்றி என்ன செய்வது என்று தோன்றியது.

"தெரியாதும்மா. நான் பாத்ததில்ல."

"ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட இல்ல. நீங்க அங்க பாக்குறப்ப நான் வண்டியில தூங்கிட்டு இருப்பேன். நல்லாவே தூங்குவேன். அன்னிக்கு மதியம் மலை ஏறணும்ல."

ஜபருல்லா ஸ்டூலை விட்டுப் பாதி எழுந்துவிட்டார். சொக்கலிங்கம் தொடையில் தட்டிச் சிரித்தான். முப்பது தடவை போய்ச் சூரியனைப் பார்க்காத ஆள், இவனை நம்பி ஆறு பொம்பளைங்க மலை ஏறணுமாம் என்று டீக்கடைப் பக்கம் திரும்பிச் சொன்னான். அடைக்கலத்துக்கு முகம் சுட்டது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை.

அம்மாள் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வர்ற வியாழக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு வந்துருங்க தம்பி" என்று அடைக்கலத்திடம் சொன்னார். "நாங்க ஆறு பேரும் பென்ஷன் வாங்க ஆரம்பிச்சு ஒரு வருஷம்கூட ஆகல. திரும்பி வரணும். சூரியன நாங்க பாத்துக்கிறோம், நீங்க தூங்குங்க."

அடைக்கலம் தலையை நாலைந்து தடவை ஆட்டினான். சொக்கலிங்கம் விடவில்லை. தன் வண்டியில் ஏசி உண்டு, பாட்டு உண்டு, இன்னும் மேகமலைக் கதையையே தான் சொல்லவில்லை என்று பின்னாலேயே வந்தான்.

அம்மாள் நின்று அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏழு நாள் தூங்காத ஆளு பேசுற மாதிரிதான் பேசுறீங்க. முதல்ல வீட்டுக்குப் போய்ப் படுங்க."