மாலை கழற்றும் முன் ஒரு சிரிப்பு

சந்தேகப்படுவதற்கென்றே அரசாங்கம் முப்பத்தோரு வருஷம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த மனுஷர் வைரவன். உணவுக் கலப்பட ஆய்வாளர். மிளகாய்த்தூளில் செங்கல்பொடியையும் டீத்தூளில் சாயத்தையும் பார்த்துப் பார்த்து, மனைவி சிகப்பி ஆச்சி ஊற்றும் சாம்பாரைக்கூட முகர்ந்துவிட்டுத்தான் சாப்பிடுவார். பீரோ சாவியை வாரம் ஒரு இடத்தில் ஒளித்துவைப்பார்.

ஓய்வு பெற்றதும் அவருக்குப் படம் எடுக்கும் ஆசை வந்தது. சாலிகிராமத்தில் ஒரு மாடியறையில் சினிமா கற்றுக்கொடுக்கும் இன்பாவிடம் போய்ச் சேர்ந்தார். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. இவர் அவளை டீச்சர் என்பார், அவள் இவரை சார் என்பாள்.

அவர் எழுதிய குறும்படம் எட்டு நிமிஷம். ஒரு ஆளுக்கு வெள்ளிக்கிழமை சாவு என்று கடிதம் வருகிறது. தேதியைத் தள்ளிப்போட அவன் ஆபீஸ் ஆபீஸாக அலைகிறான். ஒவ்வொரு ஜன்னலும் அடுத்த ஜன்னலைக் கைகாட்டுகிறது. கடைசியில் பத்து வருஷம் நீட்டிப்பு வாங்கி, முத்திரை குத்திய தாளை முத்தமிட்டுக்கொண்டே படியிறங்குகிறவன் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்து செத்துப்போகிறான். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சாவை ஒருத்தனும் ஏமாற்ற முடியாது, அதான் படம் என்று எல்லாரிடமும் ஜம்பமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிணமாக நடித்ததும் அவரேதான்.

சினிமாக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர், அந்த அபசகுனம் ஒட்டாமலிருக்க, மாலையைக் கழற்றும் முன் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடித்துவிடுவார்கள். வைரவனின் சாவுக் காட்சி எடுத்த அன்றைக்கு ஷாட் முடிந்த கையோடு மழை கொட்டியது. பாடையைப் போட்டது போட்டபடி ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள், பிணமும் ஓடியது. சிரிப்பை எடுக்கவில்லை.

நாலாம் நாள் வைரவனுக்கு நெஞ்சு வலித்தது. இதயத்தில் அடைப்பு, திங்கட்கிழமை ஆபரேஷன் என்றார் டாக்டர். பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் வைரவனுக்குச் சந்தேகம் தட்டியது.

அப்புறம் எல்லாவற்றிலும் தட்டியது. கேட்காமலே ஆச்சி வெள்ளைப் பணியாரம் சுட்டாள். ஷார்ஜாவில் இருக்கும் மகன், தீபாவளிக்குக்கூடப் பேசாதவன், தினமும் பேசினான். எல்லாருக்கும் விஷயம் தெரியும், எனக்குத்தான் மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டினார். விட்டுப்போன அந்தச் சிரிப்பை எடுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்பி வரப்போவதில்லை என்று மனசுக்குள் ஊறிவிட்டது.

சனிக்கிழமை காலை ஒரு ரோஜா மாலையும் கொஞ்சம் பஞ்சும் வாங்கிக்கொண்டு இன்பாவின் அறைக்கு வந்தார்.

"சிரிப்பை வேணும்னேதான் எடுக்காம விட்டீங்களா டீச்சர்? நான் போயிட்டா படத்துக்குப் பரிசு கிடைக்கும்னு?"

இன்பா கேமராவை எடுத்து ஸ்டாண்டில் மாட்டினாள். சிரிங்க சார் என்றாள்.

மாலையைப் போட்டுக்கொண்டு, மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு சிரித்தார். பல் டாக்டரிடம் வாயைத் திறந்த மாதிரி இருந்தது. எழுந்து வந்து, கேமராவில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். மறுபடி போய் உட்கார்ந்தார். ஆறு தடவை சிரித்தார், ஆறு தடவையும் எழுந்து வந்து பார்த்தார். கண் கலங்கியதுதான் மிச்சம்.

"பயமா இருக்கு டீச்சர்" என்றார்.

இன்பா கம்ப்யூட்டரில் ஒரு படத்துண்டை ஓடவிட்டாள். அன்றைக்குச் சாவுக் காட்சிக்கு முன்னால் எடுத்தது. பாடையில் வைரவன் கிடக்கிறார், தாடையைச் சுற்றித் துணிக்கட்டு, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருக்கிறது. படப்பிடிப்பு பார்க்க வந்திருந்த சிகப்பி ஆச்சி கிட்டே வந்து குனிந்து, பீரோ சாவி எங்கேன்னு இப்பவாவது சொல்லிட்டுப் போங்களேன் என்கிறாள். பிணம் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறது. மூக்கிலிருந்த பஞ்சு பறந்து அவள் கொண்டையில் ஒட்டிக்கொள்கிறது.

இன்பா அந்தத் துண்டை இழுத்துச் சாவுக் காட்சிக்குப் பின்னால் ஒட்டினாள்.

வைரவன் விடுவாரா? திரையின் மூலையில் இருந்த நேரத்தைப் பார்த்துவிட்டார்.

"இது பத்து ஐம்பதுக்கு எடுத்தது. நான் செத்தது பதினொன்னே காலுக்கு. தேதியை மாத்தி லேபிள் ஒட்டினதுக்காக எத்தனை கடைக்குச் சீல் வெச்சிருக்கேன் தெரியுமா? செத்தப்புறம் சிரிக்கணும், அதான் முறை. இது முன்னாடி சிரிச்சது. செல்லாது."

"செத்தப்புறம் சிரிச்சவங்க யாரு சார் இருக்காங்க? எல்லாரும் முன்னாடி சிரிச்சதுதான்."

வைரவன் அந்தத் துண்டை இன்னொரு தடவை போடச் சொன்னார். பார்த்து முடித்து, போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார்.

"சிகப்பி, சாவி துவரம்பருப்பு டப்பாவுக்குள்ள இருக்கு."

"அதுலேர்ந்து தினம் நான்தானேங்க பருப்பு எடுக்கிறேன். போன வாரம் கடுகு டப்பா, அதுக்கு முன்னாடி சாமி படத்துக்குப் பின்னாடி. எல்லாம் தெரியும். அன்னைக்கு உங்களை அந்தக் கோலத்துல பாக்க முடியல, அதான் சும்மா கேட்டு வெச்சேன்."

வைரவனுக்குச் சிரிப்பு பீறிட்டது. மாலை ஆட, கண்ணில் நீர் முட்ட, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஓய்ந்த பிறகுதான் நினைவு வந்தது.

"எடுத்துட்டீங்களா டீச்சர்?"

"இல்ல சார். அது ஆச்சிக்காகச் சிரிச்சது."

இந்தத் தடவை வைரவன் எழுந்து வந்து சிவப்பு விளக்கைப் பார்க்கவில்லை. உட்கார்ந்தபடியே மாலையைக் கழற்றினார்.