தாய்லாந்துக்கு மூன்று அறை

குருவுக்கு வயது முப்பது. சிஷ்யைக்கு ஐம்பத்தெட்டு. பினாங்கில் வேணி நடத்தும் தாய் மசாஜ் வகுப்பில் அப்படித்தான்.

சிஷ்யை தனபாக்கியம் வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"டீச்சர், ஒரு பயணம். எல்லார் வசதிக்கும் ஏத்த மாதிரி எப்படிப் போடறது?"

"யார் யாருக்கு?"

"நான், புனிதா, அந்தோணியம்மா. எனக்கு ஆப்பரேஷன் ஆனப்ப ஆஸ்பத்திரியில மாறி மாறிப் பார்த்துக்கிட்டவங்க. அதுக்கு நன்றியாத்தான் டீச்சர். தாய்லாந்துல கடலோரமா ஒரு விடுதி. மசாஜ், தியானம், மூலிகைக் குளியல்."

"இன்னும் போடலையா?"

"அழகாப் போட்டேனே! புனிதாவுக்குக் கடல் தெரியற வில்லா, தினம் மசாஜ். எனக்கு ஃபேன் ரூம், ஒருநாள் விட்டு ஒருநாள். அந்தோணியம்மாவுக்குப் பொது ஹால்ல பாய், கடைசி நாள் மட்டும் மசாஜ். அவங்கவங்க கையில இருக்கறதுக்குத் தக்க செலவு, யாருக்கும் பாரமில்லை."

"அப்புறம் என்ன?"

"அந்தோணியம்மா வரலைங்கிறா. முட்டி வலியாம். பொய்! அவ இல்லாம நான் எதுக்குப் போகணும்?"

குருமார்கள் லேசில் பதில் சொல்லிவிட மாட்டார்கள். வேணி பாயை விரித்தாள்.

"காலை நீட்டுங்க அக்கா."

"ஐயையோ, நீங்க போய் என் காலைத் தொடுறதா?"

"தாய் மசாஜ் காலில்தான் தொடங்கும். வகுப்புல தூங்கிட்டீங்களா? நீட்டுங்க."

வலது காலைப் பிடித்துவிட்டாள். விரல் விரலாக, பாதம், கணுக்கால், தொடை வரை. பிறகு கைகூப்பி முடித்துவிட்டாள்.

"நடங்க."

தனபாக்கியம் நடந்தாள். ஒரு கால் பஞ்சு. இன்னொன்று அம்மிக்கல். சுவர் வரை போவதற்குள் தடுமாறினாள்.

"என்ன டீச்சர், பாதியில விட்டுட்டீங்க?"

"வலது காலுக்கு வசதி இருக்கு."

தனபாக்கியம் சிரிக்க வாயெடுத்தாள். சிரிப்பு வரவில்லை. சுவரைப் பிடித்தபடியே நின்றாள்.

"சரி. மூணு பேரும் ஹால்ல. மசாஜும் மூணு பேருக்கும் ஒரே மாதிரி. ஆனா புனிதா? நகைக்கடைக்காரி. பாயில படுப்பாளா?"

"ஆஸ்பத்திரியில எங்க படுத்தாங்க?"

தனபாக்கியம் சுவரை விட்டுத் திரும்பினாள்.

"என் கட்டிலுக்குக் கீழ. அந்தோணியம்மா கொண்டாந்த பாயில."

வேணி பாயைத் தட்டினாள்.

"வாங்க. இடது காலை நீட்டுங்க."