கயிற்றுக்கு எத்தனை நாள்?

பராக்குப் பார்க்காமல் கேளுங்கள். கடைசியில் கேள்வி உங்கள் பக்கம்தான் திரும்பும்.

மயிலாங்கரட்டு முருகன் கோயிலுக்கு அறுநூற்றுச் சொச்சம் படி. ஏற முடியாதவர்களுக்கு ரோப் கார் உண்டு. பெட்டிக்கு நாலு பேர். அதன் பொறுப்பு முழுக்கப் பொறியாளர் பூங்கோதையின் தலையில். தினமும் காலையில் முதல் பெட்டியில் அவள் தனியாக மேலே போய்த் திரும்பிய பிறகுதான் ஜனங்களை ஏற்றுவார்கள். மூன்று வருஷத்துக்கு முன், கத்திரி வெயிலில் அந்த இரும்புக் கயிற்றைப் பூட்டிய அன்றுதான் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். செருப்பு இளகி இரும்புத் தட்டில் ஒட்டிக்கொண்டது அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. மலைமேல் மண்டபம் கட்ட ஜல்லியும் சிமெண்டும் அந்தக் கயிற்றில்தான் போயின. பெரிய மனிதர்களுக்குத் தேதி ஒத்துவராமல் ஐப்பசியில்தான் திறப்பு விழா நடத்திக் கல்வெட்டு வைத்தார்கள்.

இப்போது கயிறு தேய்ந்துவிட்டது. தைப்பூசத்துக்கு இன்னும் முப்பது நாள். புதுக் கயிறு கப்பலில் வர அறுபது நாள். அதுவரை பழசு தாங்குமா? உள்ளே எத்தனை இழை அறுந்திருக்கிறது என்று வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. கணக்குப் பாதி, ஊகம் பாதி. ஓட்டலாம் என்று பூங்கோதை கையெழுத்துப் போட்டால் பூசத்தன்று மட்டும் இரண்டாயிரம் பேரின் உயிர் அதில் தொங்கும். நிறுத்தினால், நடக்கவும் முடியாமல், ஆள் சுமக்கும் டோலிக்குக் காசும் இல்லாதவர்கள் அடிவாரத்திலேயே கும்பிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அறங்காவலர் குழந்தைவேலுவும் அவளை வேறு ஊருக்குத் தூக்கியடித்துவிடுவார்.

விவரம் தெரிந்த மூன்று பேரை அழைத்தாள். மூவர் மீதுமே அவளுக்குச் சந்தேகம்தான். பேராசிரியர் சிதம்பரநாதன் முப்பது வருஷம் பாடம் நடத்தியவர், ஆனால் இந்தக் கயிற்றைத் தொட்டே பார்த்ததில்லை, கம்பெனியின் அறிக்கையைப் படித்ததோடு சரி. ஜெபராஜ் கயிறு பூட்டிய கம்பெனியின் ஆள், வண்டி நின்றால் கம்பெனியின் பெயர் கெடும். இருளப்பன் கயிற்றுக்கு கிரீஸ் போடும் ஃபோர்மேன். அவருடைய மச்சான் படியில் டோலி தூக்குகிறவர். ரோப் கார் நின்றால் டோலிக்காரர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

அதனால் பூங்கோதை ஒரு காரியம் செய்தாள். மூவரின் செல்போனையும் வாங்கிவைத்துக்கொண்டு ஆளுக்கொரு அறையில் உட்காரவைத்தாள். காபிகூடத் தனித்தனியாகத்தான் போனது. எல்லோருக்கும் கேள்வி இரண்டு. வேறொரு மலையில் கழித்துப்போட்ட கயிற்றின் ஒரு முழத் துண்டைக் காட்டி, இதற்குள் எத்தனை இழை அறுந்திருக்கும் என்பது ஒன்று. நம் கயிறு இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் குறைந்தது இத்தனை, கூடியது இத்தனை என்று எழுதி உறையில் போட்டு ஒட்டித் தர வேண்டும்.

உறைகள் கைக்கு வந்ததும் எல்லோரையும் வெளியே அழைத்து, அவர்கள் கண்ணெதிரிலேயே துண்டைப் பிரித்து எண்ணினாள். அறுந்த இழை இருபத்துமூன்று. பிறகு உறைகளைக் கிழித்தாள்.

பேராசிரியர் துண்டுக்கு ஒன்பது முதல் பதினொன்று என்று எழுதியிருந்தார். ஜெபராஜ் பத்து முதல் பன்னிரண்டு. இருளப்பன் பதினைந்து முதல் நாற்பது.

அடுத்த கேள்விக்குப் பேராசிரியர், "ஐப்பசியில் பூட்டிய கயிறு என்பதால் இன்னும் 115 முதல் 125 நாள்" என்று எழுதியிருந்தார். ஜெபராஜும் அதே ஐப்பசியில் தொடங்கி, 118 முதல் 122 நாள் என்று முடித்திருந்தார். இருளப்பன் குறைந்தது இருபது நாள், கூடியது இருநூறு நாள் என்று எழுதியிருந்தார்.

உறை பிரிப்பதைப் பார்க்க வந்திருந்த அறங்காவலர் குழந்தைவேலுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு பேரு தனித்தனி ரூம்ல உக்காந்து ஒரே கணக்கு எழுதியிருக்காங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணுங்க அம்மிணி? இவரு பாருங்க, இருபதாம், இருநூறாம். இதைச் சொல்ல ஒரு ஃபோர்மேன் எதுக்கு? மச்சானுக்கு டோலி ஓடணும், அவ்வளவுதான்."

இருளப்பன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "மச்சான் டோலி தூக்கறது நெசந்தானுங்க. அதுக்காக எனக்குத் தெரியாததைத் தெரியும்னு எழுத முடியுங்களா?"

பூங்கோதைக்கு மனசு ஒப்பவில்லை. போன் இல்லை, பேச்சு இல்லை, பிறகு எப்படி இரண்டு பேருக்கு இவ்வளவு பொருத்தம்? அதற்காக இருளப்பனை நம்பிவிடலாமா? வலையை அவ்வளவு அகலமாக விரித்தால் எந்த மீனும் விழத்தானே செய்யும்? மேசைமேல் இரண்டு தாள்கள் இருந்தன, ஓட்டலாம் என்று ஒன்று, நிறுத்தலாம் என்று ஒன்று. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று காகிதங்களையும் திரும்பத் திரும்பப் படித்தாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஒத்துப்போன இருவரா, ஒத்துப்போகாத ஒருவரா? யார் பேச்சை நம்பி அவள் கையெழுத்துப் போடுவது சரி?

விடை: இருளப்பன் பேச்சைத்தான். துண்டு விஷயத்தில் மற்ற இருவரும் வெளியே தெரிந்த முறிவை மட்டும் எண்ணிவிட்டு, அதையே அடித்துச் சொன்னார்கள். தெரியாதது எவ்வளவு என்று தெரிந்துவைத்திருந்தவர் இருளப்பன் ஒருவர்தான். டோலிக்காக எழுதியிருந்தால் இருநூறு என்ற எண்ணை அவர் ஏன் போடப்போகிறார்? அவருடைய இருபது நாள் பூசத்துக்கு முன்பே முடிகிறது, நிறுத்த அது போதும். மற்ற இருவர் சேர்ந்து சதி செய்யவில்லை. இருவரும் கம்பெனியின் ஒரே அறிக்கையைப் படித்துவிட்டு வந்தவர்கள், ஆகையால் சாட்சி இரண்டல்ல, ஒன்று. பூட்டியபோது இங்கே இல்லாத யாரோ எழுதிய அந்த அறிக்கையோ கயிற்றின் வயதைக் கல்வெட்டைப் பார்த்து எண்ணியிருக்கிறது. திறப்பு விழாவுக்கு முன் ஐந்து மாதம் அது ஜல்லி சுமந்தது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அந்த ஐந்து மாதத்தைக் கழித்துப் பாருங்கள். அவர்கள் சொன்ன நூற்றிருபது நாள் முடிந்தே ஒரு மாதமாகிறது. பூங்கோதையும் கழித்துப் பார்த்தாள், நிறுத்தச் சொல்லும் தாளில் கையெழுத்துப் போட்டாள். அன்று காலையிலும் முதல் பெட்டியில் அவள்தான் போய்வந்திருந்தாள்.