மாஸ்டர் பாடிப் போன கதை

அந்த ஊர்க் கபடி அணியில் சுடலைக்கனியைப் போல மூச்சுப் பிடித்துப் பாடிப் போக ஆள் கிடையாது. அவருக்குத்தான் தலையில் அடி. ஒரு ஆட்டத்தில் பாடி வந்தவனைப் பிடிக்கப் பாய்ந்தபோது, கூட நின்றவனின் முழங்கால் நெற்றிப்பொட்டில் இடித்தது. எழுந்தவர் நேரே எதிரணிக்காரர்களோடு போய் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "நமக்கு எத்தனை பாயிண்டு வே?" என்று விசாரித்தார். அவர்களும் மரியாதையாகச் சொன்னார்கள்.

மூளை அதிர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். முதலில் ஓய்வு, அப்புறம் நடை, அதற்கப்புறம் மெல்ல ஓட்டம். ஆட்டமெல்லாம் கடைசியில், அதுவும் அவர் பார்த்துச் சொன்ன பிறகு. நடுவில் தலை வலித்தால் ஒரு படி கீழே இறங்கிவிட வேண்டும்.

நடை வரைக்கும் சுடலைக்கனி நல்ல பிள்ளையாக இருந்தார். ஓட்டம் தொடங்கியதும் பொறுமை பறந்துவிட்டது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு நடக்கும் போட்டியின் இறுதி ஆட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. எதிரே நிற்கப்போவது மாமனார் ஊர் அணி. அதில் மச்சினன் வேறு.

ஒரு சாயங்காலம் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தவர், சட்டென்று நின்று வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டார்.

அணிக்குப் பயிற்சி கொடுக்கும் எப்சிபாய் அதைப் பார்த்துவிட்டு வந்தார். சுடலைக்கனியைவிட வயதில் இளையவர். ஆனாலும் சுடலைக்கனிக்கு அவர் மாஸ்டர்தான்.

"தலை வலிக்கா அண்ணாச்சி?"

"இல்ல மாஸ்டர்."

"பிறகு மரத்தை எதுக்குப் பிடிச்சிருக்கிய?"

"சும்மா... நல்ல மரம்."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வலிக்குல்லா?"

"லேசா."

"அப்போ நாளைக்கு ஓட்டம் கிடையாது. நடைதான். ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல நீங்க வெளியில உக்காந்து கை தட்டுங்க."

சுடலைக்கனிக்கு அழுகையே வந்துவிட்டது.

"மறுபடியும் நடையா? ஓடுனவன் நடக்கதைப் பாத்தா ஊரே சிரிக்கும். மச்சினன் முகத்துல எப்படி முழிப்பேன்? முன்னால போனவன் பின்னால வாரது கேவலம்லா மாஸ்டர்?"

மாஸ்டர் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். பயிற்சியில் இருந்தவர்களை எதிர்ப்பக்கம் நிற்கச் சொன்னார்.

"நான் பாடி வாரேன். பிடிங்கலே பாப்போம்."

கபடி கபடி என்று பாடிக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டினார். இடது பக்கம் பாய்வதுபோல் போக்குக் காட்டிவிட்டு, வலது ஓரத்தில் அசந்து நின்றவனின் தோளைத் தொட்டார். நடுக்கோடு பக்கத்தில்தான் இருந்தது. மறிக்க ஆளில்லை. திரும்பி வந்து கோட்டை மிதித்தால் பாயிண்ட்.

மாஸ்டர் திரும்பவில்லை. நின்ற இடத்திலேயே நின்று பாடினார். குரல் தேய்ந்துகொண்டே போனது.

"மாஸ்டர், கோட்டுக்கு வாங்க!" சுடலைக்கனி பதறிப்போய்க் கத்தினார். "மூச்சு தீரப்போவுது!"

மாஸ்டர் அசையவில்லை. பாட்டு அறுந்தது. "மாஸ்டர் அவுட்டு!" என்று பையன்கள் எல்லாரும் கை தட்டிக் குதித்தார்கள்.

சுடலைக்கனியால் தாங்க முடியவில்லை. "தொட்டாச்சு. வழியும் கிடந்தது. திரும்பி வந்திருந்தா பாயிண்டு நமக்குத்தான. ஏன் மாஸ்டர் வரல?"

மாஸ்டருக்கு இன்னும் இரைத்தது. முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"பின்னால வாரது கேவலம்லா, அண்ணாச்சி?"