கவிழப் பழகிய மாப்பிள்ளை

ஆற்றங்கரையிலேயே இருந்தும் ஓணான்பாளையத்தில் ஒருவருக்கும் பரிசல் ஓட்டத் தெரியாது. துடுப்புப் பிடிக்கப் பிறவியிலேயே கை அமைய வேண்டும் என்று அவர்கள் நம்பினார்கள். அமையாத கையை எதற்கு நனைப்பது?

சென்னியப்பனுக்கு அக்கரையில் பெண் பேசி முடித்தபோதுதான் வம்பு வந்தது. மாப்பிள்ளை தானே பரிசல் ஓட்டி வந்து பெண்ணை அழைத்துப்போக வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். ஓட்டாதவனுக்குப் பெண் கிடையாது. பெண் பார்க்கப் போன அன்று மயிலாத்தா ஒருமுறை சிரித்திருந்தாள். அதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து ஊர்ப் பரிசல்காரர் ராக்கியண்ணனிடம் போய் நின்றான். கூடவே ஊரும் போனது.

“பிறவிக் கையாவது, மண்ணாவது! தப்புப் பண்ணப் பண்ணத்தான்யா தொழில் படியும். நானெல்லாம் எத்தனை தடவை கவுந்திருக்கேன்! எவன் நல்லாக் கவுர்றானோ அவன்தான் நல்ல பரிசல்காரன்” என்று சொல்லி, ஒரு பழைய பரிசலையும் கொடுத்துவிட்டு, அவர் சந்தைக்குப் போய்விட்டார்.

ஊருக்கு உயிர் வந்தது. ஆற்றில் இடுப்பளவுதான் தண்ணீர். சென்னியப்பன் முன்பக்கம் கவிழ்ந்தான், பின்பக்கம் கவிழ்ந்தான். மூக்கில் தண்ணீர் ஏறும்போதெல்லாம் மயிலாத்தா ஓரடி கிட்டே வருவதுபோல் இருந்தது.

ஒரு நாள் கை தவறி, பரிசல் நேராகப் போய்விட்டது. கரையில் ஒரே துக்கம்.

“என்ன மாப்ளே, நல்லாத்தானே கவுந்துக்கிட்டு இருந்தே?” என்றார் மாமன் காரியப்பன்.

“கவனிக்காம விட்டுட்டேனுங்க மாமா.”

“கண்ணாலத்தை வெச்சுக்கிட்டு இப்படி அசட்டையா இருக்கலாமா?”

“இனிமே நேராப் போகமாட்டேனுங்க.”

கல்யாண நாள் வந்தது. மாலையும் கழுத்துமாகத் துடுப்பைப் பிடித்தான். பரிசல் பாட்டுக்கு நேராகப் போய் அக்கரையை நெருங்கிவிட்டது. பெண் வீட்டார் மொத்தமும் பார்க்கிறார்களே! மூச்சைப் பிடித்துக்கொண்டு, மாலை கலையாமல் அழகாகக் கவிழ்ந்தான். இக்கரையில் மேளம் முழங்கியது.

“கூத்தா இது? இவனுக்கா பொண்ணு?” என்று மயிலாத்தாவின் அப்பா கத்தினார்.

அவளோ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “இவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்துட்டாருங்கப்பா. இவர விட்டா என்னைச் சிரிக்க வைக்க ஆரு இருக்கா?” என்று தண்ணீரில் இறங்கி, பரிசலை நிமிர்த்தி, மாப்பிள்ளையைத் தூக்கி உட்காரவைத்து, தானே துடுப்பை வாங்கிக்கொண்டாள். பரிசல் ஆடாமல் அசையாமல் ஓணான்பாளையம் வந்து சேர்ந்தது.

அங்கே ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

“ஒரு தடவைகூடக் கவுக்கத் தெரியலையே!” என்றாள் ஒருத்தி.

“உஷ், புதுப் பொண்ணு காதுல விழுந்துறப் போகுது” என்று அடக்கினார் காரியப்பன். “ஆரம்பத்துல நமக்கு மட்டும் தெரிஞ்சுதா? கூட நின்னு பக்குவமாச் சொல்லிக் குடுக்கணும்.”

எல்லோரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார்கள். “பயப்படாதே தாயி, போகப்போகப் பழகிடும்” என்று அன்பாகச் சொல்லி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பரிசலைக் கவிழ்த்தார்கள்.