கொதிக்காத பானையும் கழலாத கிரீடமும்

முன்னொரு காலத்திலே, மலைகளெல்லாம் நடந்து நடந்து கால் ஓய்ந்து, இனி உட்கார்ந்துவிடலாம் என்று முடிவெடுத்த காலத்திலே, பந்தல்நாடு என்று ஒரு நாடு இருந்தது. வீட்டுக்கு வீடு ஒரு பந்தல், பந்தலுக்குப் பந்தல் ஒரு கொடி. குடிசையானால் கூரைமேல் பூசணி. அரண்மனையானால் மதில்மேல் சுரை.

அங்கே வருஷத்துக்கு ஒருமுறை பானைத் திருவிழா. ஊர் நடுவில், யானை இறங்கிக் குளிக்கலாம் போல ஒரு பெரிய பானை. ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வீட்டில் காய்த்ததில் ஒரு கைப்பிடி கொண்டுவந்து அதில் போட வேண்டும். கடையில் வாங்கியது கூடாது, அடுத்த வீட்டில் கேட்டு வாங்கியதும் கூடாது. ராஜாவே ஆனாலும் தன் கையால் வளர்த்ததைத்தான் கொண்டுவர வேண்டும். ராஜா வருஷாவருஷம் கத்தரிக்காய் கொண்டுவருவார். வருஷாவருஷம் அதில் புழு இருக்கும். ராஜாவாயிற்றே, யார் சொல்வது?

பானை அடுப்பில் ஏறியதும் பக்கத்து மேடையில் கூத்து தொடங்கும். வானத்து மேகங்களையெல்லாம் திருடி ஒளித்துவைத்த மிடுக்காசுரன் கதை. கடைசிக் காட்சியில் அசுரன் மனம் இளகி, தன் கிரீடத்தைத் தானே கழற்றித் தரையில் கவிழ்ப்பான். மேகங்கள் விடுதலையாகும். அந்த நேரத்தில் பானையும் பொங்க வேண்டும். பானை பொங்காமல் கூத்து முடியக் கூடாது, கூத்து முடியாமல் பானை இறங்கக் கூடாது. அது அந்த ஊர் வழக்கம்.

சொல்வதற்கு இது சுலபம். செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். அசுரன் ஒரு பாட்டை நீட்டினால் காய் குழைந்துபோகும். விறகு ஈரமானால் அசுரனுக்குத் தொண்டை கட்டும். ஆனாலும் ஒரு வருஷம்கூடத் தப்பியதில்லை. ஏனென்றால் பானைக்காரி பூங்காவனம், அசுரன் வேஷம் கட்டுகிற தாண்டவராயனின் பெண்டாட்டி. ஆடிக்கொண்டே அவன் இடப்புருவத்தைத் தூக்குவான். 'இன்னும் எவ்வளவு நேரம்டி?' என்று அதற்கு அர்த்தம். அவள் கரண்டியால் பானை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால், 'இன்னும் வேகலை, இழு.' இரண்டு தட்டினால், 'பொங்குது, முடி.' சனங்களுக்கு அது தாளம் மாதிரி கேட்கும். அவர்களுக்கோ அது குடித்தனம்.

ஒரு வருஷத் திருவிழா. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வழக்கம்போல வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தான்.

"உங்க வீட்டுல என்ன காய்ச்சுது?"

"பாகக்கா."

"அதான் மூஞ்சி அப்படி இருக்கு. உள்ள போங்க! உங்க வீட்டுல என்ன காய்ச்சுது?"

"முருங்கை."

"நீளமா வாழுங்க, உள்ள போங்க!"

அப்போது யாரும் பார்த்திராத ஒரு நெட்டை மனிதன் வந்தான். பட்டுச் சால்வை, கையில் ஒரு பூசணி. வடு இல்லை, வளைசல் இல்லை, ஒரு துளி மண்கூட ஒட்டவில்லை.

"உங்க வீட்டுல என்ன காய்ச்சுது?"

நெட்டையனுக்கு வேர்த்தது. "பூ... பூசணி."

"காம்பு எங்கய்யா?"

"காம்பா?"

கட்டியங்காரன் தன் மொட்டைத் தலையைத் தடவினான். "காம்பில்லாத பூசணி! என்னை மாதிரியே பொறந்தப்பவே மொட்டை!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த சிரிப்பில் அவனை உள்ளே விட்டுவிட்டார்கள்.

பூங்காவனம் அதை அரிந்தாள். கத்தி வெண்ணெயில் போவதுபோலப் போயிற்று. உள்ளே ஒரு விதைகூட இல்லை. 'நல்லதாப் போச்சு, வேலை மிச்சம்' என்று பானையில் போட்டாள்.

அடுப்பு எரிந்தது. கூத்து நடந்தது. கடைசிக் காட்சியும் வந்தது. தாண்டவராயன் புருவத்தைத் தூக்கினான். பூங்காவனம் ஒரு தட்டு தட்டினாள். அவன் பாட்டை இழுத்தான். மறுபடி புருவம், மறுபடி ஒரு தட்டு. மூன்றாம் தரம் அவள் பானையைத் தொட்டுப் பார்த்தாள். கீழே நெருப்பு கொழுந்துவிட்டு எரிகிறது, பானையோ குளத்துத் தண்ணீராய்ச் சில்லென்று இருக்கிறது!

மேடையில் தாண்டவராயன் இனி இழுக்கப் பாட்டு இல்லாமல் கிரீடத்தில் கை வைத்தான். கிரீடம் வரவில்லை. இழுத்தான், வரவில்லை. திருகினான், வரவில்லை. அவன் கண் சிவந்தது.

"யாரடா என் சபையில் இருமியது? இழுத்து வாருங்கள் அவனை!"

வசனம் புதுசாக இருக்கிறதே என்று சனங்கள் கைதட்டினார்கள். பூங்காவனம் கைதட்டவில்லை. அது அவள் புருஷன் குரல் இல்லை.

வேஷத்தோடேயே வீட்டுக்கு வந்தான்.

"அடி பணிப்பெண்ணே! அசுரேந்திரனுக்கு அமுது படை! ஏழு கடாக்களை அறுத்துப் போடு!"

"கடாவுக்கு எங்க போறது? கருவாடு இருக்கு, வேணுமா?"

அசுரேந்திரன் யோசித்தான். "கொண்டு வா."

சிரிப்பு வந்தது அவளுக்கு. அழுகையும் வந்தது. தன் பேர் அவனுக்குத் தெரியவில்லை. ஆசை வந்தால் 'கரண்டிக்காரி' என்று கூப்பிடுவானே, அதுவும் தெரியவில்லை. கருவாட்டுக் குழம்புச் சட்டியில் கரண்டியால் மெல்ல ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள். அசுரனின் இடப்புருவம் துளி மேலே ஏறி இறங்கியது.

'உள்ளதான் இருக்கான்' என்று நினைத்துக்கொண்டாள்.

ராஜா சும்மா இருக்கவில்லை. அரண்மனைச் சந்தனக் கதவுகளைப் பிளந்து அடுப்பெரித்தார். ஊரே மணத்தது, பானை சுடவில்லை. தாண்டவராயனை மறுபடி மேடையேற்றி, கிரீடத்தில் வடம் கட்டி மாடுகளை விட்டு இழுத்தார்கள். கிரீடம் வரவில்லை, தாண்டவராயன்தான் மேடையிலிருந்து இறங்கி வந்தான். "பானை கிடக்கட்டும், கூத்தை முடியுங்கள்" என்று ஆணையிட்டார். மற்றவர்கள் கடைசிக் காட்சியை ஆடினார்கள். அசுரன் உட்கார்ந்து பார்த்து, "நன்றாக நடிக்கிறீர்கள்" என்று சிரித்தான்.

ஒருநாள் பூங்காவனம் பானையடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே இருந்த காய்கள் கெடவும் இல்லை, வேகவும் இல்லை.

"உப்பு பத்தலை" என்றது ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தால், ஊர் தோட்டமெல்லாம் திருட்டு மேய்ச்சல் மேய்கிற செவலை ஆடு!

"நீயா பேசுனே?"

"நானேதான் தாயி. இந்தப் பானையிலருந்து சிந்திக் கிடந்த தண்ணியை நக்கினேன், பேச்சு வந்துருச்சு. உப்பு போட மறந்துட்டியா?"

"பொங்கினப்புறம்தானே உப்பு போடுறது. அதான் பொங்கலையே."

"எப்படிப் பொங்கும்? இந்த ஊர்ல நான் மேயாத பந்தல் கிடையாது. எந்தக் காய் எந்த வீடுன்னு நாக்கு சொல்லிரும். அரைக்கீரை, வண்ணார் வீடு. சுண்டைக்காய், பூசாரி வீடு. கத்தரிக்கா, புழுவோட, அரண்மனை. எல்லாத்துக்கும் ருசி இருக்கு. ஒண்ணுக்கு மட்டும் இல்லை. காத்தை மென்ன மாதிரி இருக்கு. வந்துட்டேன்னு சொல்லிட்டு ஒரு வீட்டுக் காய் வரவே இல்லை தாயி. பானை அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு."

பூங்காவனம் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "காம்பில்லை, விதையில்லை. வேலை மிச்சம்னு நெனச்சேனே, பாவி!"

ஆடு மோப்பம் பிடித்து முன்னால் நடந்தது. ஊருக்கு மேற்கே, புல்கூட முளைக்காத சொட்டைப்பாறை. அதன் உச்சியில் ஒரு பளிங்கு மாளிகை, உள்ளே அந்த நெட்டையன். பெயர் அந்தரமூர்த்தி, மாயாவி. விரலைச் சொடுக்கினால் சிம்மாசனம் வரும், சொடுக்கினால் விருந்து வரும். அவளைக் கண்டதும் ஓடிப்போய்த் திரைக்குப் பின்னால் ஒளிந்தான்.

"வெளிய வாய்யா. நீதானே காத்துப் பூசணி கொண்டாந்தது?"

திரை அழுதது. "கெடுக்கணும்னு செய்யலைம்மா. வருஷாவருஷம் இங்க இருந்து பாட்டு கேக்கும். கடைசியில எல்லாரும் ஓன்னு கத்துவீங்க. எதுக்குக் கத்துறீங்கன்னு தெரியாது. ஒரே ஒரு தடவை கூத்தோட முடிவைப் பாக்கணும், அவ்வளவுதான்."

"சும்மா வந்திருக்கலாமே."

"வாசல்லயே கேப்பீங்களே, உங்க வீட்டுல என்ன காய்ச்சுதுன்னு."

பூங்காவனத்தின் கை முந்தானை முடிச்சுக்குப் போயிற்று. எத்தனை வருஷமாக அந்தக் கேள்வியைக் கேட்டு வளர்ந்திருக்கிறாள்! வாங்க வாங்க என்று அழைப்பதாகத்தான் அது அவள் காதில் விழுந்திருக்கிறது. வெறுங்கையோடு வருகிறவன் காதில் அது எப்படி விழும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "கொத்தவரை விதை. கல்லுலயும் முளைக்கும், கோவிச்சுக்காது. உன் கையால வளத்து ஒரு கைப்பிடி கொண்டா. என் புருஷன் எனக்கு வேணும்."

பாறை இடுக்கில் இருவருமாக மண் சுமந்து நிரப்பினார்கள். மாயாவி விதை ஊன்றினான். கூடவே, பழக்கதோஷம், ஒரு மந்திரம் சொன்னான். செடி சடசடவென்று வானம்வரை வளர்ந்து, பொழுது சாய்வதற்குள் வைக்கோலாய்ச் சரிந்தது. இரண்டாம் தரம் மெதுவான மந்திரமாகச் சொன்னான். பளபளவென்று காய்த்தது. ஆடு ஆசையாகக் கடித்தது.

"ஐயோ, தங்கம்! போச்சு, பல்லு போச்சு!"

"வாய் சும்மா இருக்காதா உனக்கு?" என்றாள் பூங்காவனம்.

"வந்துருதும்மா, நான் என்ன பண்ண?"

அவள் ஒரு சொம்பை நீட்டினாள். "இந்தா. வாய் நிறைய தண்ணியை வச்சுக்க. செடிகிட்ட போறப்பல்லாம் துப்பாம முழுங்காம நிக்கணும். எங்க சொல்லு மந்திரத்தை, பாக்கலாம்!"

மூன்றாம் தரம் அப்படித்தான் நடந்தது. கன்னம் இரண்டும் உப்பிப்போய், உலகத்துக்கே பெரிய மாயாவி, குனிந்து களை பிடுங்கினான். இலையில் செடிப்பேன் விழுந்தபோது கண்ணாலேயே அழுதான். ஆனாலும் சாம்பல் தூவினான். முதல் பூ வந்த அன்று பூரித்துப்போய் வாய்த் தண்ணீரை ஆட்டின்மேல் துப்பிவிட்டான்.

கொத்தவரை தன் நேரத்தில்தான் காய்க்கும். இங்கே வீட்டில் தாண்டவராயனின் முகச்சாயம் தோலுக்குள் ஊறிக்கொண்டிருந்தது. தினமும் அவள் கழுவிப் பார்த்தாள். முதலில் கொஞ்சம் நீலம் கரைந்தது, பிறகு அதுவும் இல்லை. தினமும் ஒரு தட்டு தட்டினாள். புருவம் ஏறியது. பிறகு அசைந்தது. பிறகு ஒருநாள் அசையவே இல்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் தட்டினாள்.

அப்புறம் ஒரு சாயங்காலம், ஊர் வாசலில் அந்தரமூர்த்தி வந்து நின்றான். சால்வை இல்லை, நகமெல்லாம் மண்.

கட்டியங்காரன் தொண்டையைச் செருமினான். "உங்க வீட்டுல என்ன காய்ச்சுது?"

"கொத்தவரை. ஒரு கைப்பிடி. ரெண்டு முத்திப்போச்சு, ஒண்ணைப் பூச்சி கடிச்சிருக்கு."

"காம்பு இருக்கா?"

"இருக்கு!"

"உள்ள போங்க!"

கொத்தவரை பானையில் விழுந்தது. விழுந்த உடனே அடியில் ஒரு குமிழி. பிறகு நூறு, பிறகு ஆயிரம். ஊரே மேடைக்கு ஓடிவந்தது. அசுரனை நடுவில் நிறுத்திக் கடைசிப் பாட்டைத் தொடங்கினார்கள். பூங்காவனம் இரண்டு தட்டு தட்டினாள்.

அசுரன் அசையவில்லை.

பானையில் நுரை கழுத்தளவு ஏறியது. மறுபடி இரண்டு தட்டு. கல் போல நின்றான். பானை பொங்கும் நேரத்தில் கிரீடம் கழலாவிட்டால், இனி எந்தப் பொங்கலில் கழலும்?

பானைக்காரி மேடை ஏறுவது அந்த ஊரில் இல்லாத வழக்கம். பூங்காவனம் ஏறினாள். கரண்டி நிறையக் குழம்பு, ஆவி பறக்கப் பறக்க. ஊதி ஊதி ஆற்றி, அசுரன் வாயருகே நீட்டினாள்.

"குடிச்சுப் பாரு."

அசுரன் உறுமினான். வாசம் மூக்கில் ஏறியது. குடித்தான். பாகலின் கசப்பு, முருங்கையின் மணம், சுண்டையின் காரல், ராஜாவின் கத்தரிக்காய், எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பாறைக் கொத்தவரையின் பச்சை ருசி. நாக்கைச் சப்புக்கொட்டினான். நெற்றி சுருங்கியது.

இடப்புருவம் மெல்ல மேலே ஏறியது.

"உப்பு பத்தலை, கரண்டிக்காரி."

பூங்காவனம் கரண்டியால் அந்தக் கிரீடத்தின் மேலேயே இரண்டு தட்டு தட்டினாள். தாண்டவராயன் அதைக் கழற்றித் தரையில் கவிழ்த்தான். பானை பொங்கியது. ஓவென்று ஊரே கத்தியது. எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகு ஒரு குரல் மட்டும் தனியாக ஓவென்றது. அந்தரமூர்த்தி, அழுதுகொண்டே. எப்போது கத்த வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

செவலை ஆடு ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. "மே" என்றது. அது உப்பைப் பற்றித்தான் இருக்கும்.

பூங்காவனம் உப்பு போட்டாள். எல்லோரும் சாப்பிட்டார்கள். மாயாவி மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான். ராஜாவிடம் புழு விஷயத்தையும் அவனேதான் சொன்னான். சாம்பல் தூவச் சொல்லியும் கொடுத்தான்.

அதன் பிறகு திருவிழா வாசலில் கட்டியங்காரன் பக்கத்தில் அந்தரமூர்த்தியும் உட்கார்ந்தான். மடி நிறைய விதை. வெறுங்கையோடு வந்து தயங்குகிறவரைக் கண்டால், கேள்வி எழுவதற்கு முன்பே அவன் கை நீளும். "இந்தாங்க. அடுத்த வருஷம் சொல்லலாம். இப்ப உள்ள போய் முடிவைப் பாருங்க."

தாண்டவராயன் அசுரன் வேஷத்தை விடவில்லை. முன்னைவிட நன்றாக ஆடினான் என்றார்கள். கிரீடத்தில் கை வைத்ததும் ஒரு கணம், உண்மையிலேயே கழலாதோ என்பதுபோல நிற்பான். கூட்டம் மூச்சைப் பிடிக்கும். அவன் இடப்புருவம் ஏறும். அடுப்படியிலிருந்து இரண்டு தட்டு கேட்கும்.

அந்தப் பானை பொங்கியதுபோல உங்கள் வீட்டுப் பானையும் பொங்கட்டும். உப்பை மட்டும் பார்த்துப் போடுங்கள்.